பிரிட்டனில் ஹெல்த் கேஷ் பிளான்: கட்டும் பணத்துக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெல்த் கேஷ் பிளான் என்றால் என்ன?

மாதந்தோறும் ஒரு சிறு தொகையைக் கட்டி வந்தால், பல் மருத்துவருக்கும் கண்ணாடிக்கும் பிசியோதெரபிக்கும் நீங்கள் கையிலிருந்து செலவழித்த பணத்தை, ரசீதைக் காட்டி, ஓர் ஆண்டு உச்சவரம்புக்கு உட்பட்டுத் திரும்பப் பெற உதவும் காப்பீட்டு ஒப்பந்தம் இது. பெரும்பாலான திட்டங்களில் பல், கண், உடலியக்கச் சிகிச்சைகள் (பிசியோதெரபி, ஆஸ்டியோபதி, கைரோபிராக்டிக், சிலவற்றில் அக்குபஞ்சர்), பாதப் பராமரிப்பு, நிபுணரைப் பார்க்கும் கட்டணம், ஸ்கேன் ஆகியவற்றுக்குத் தனித்தனி வரம்புகள் இருக்கும். மருத்துவமனையில் தங்கினால் இரவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும், சில திட்டங்களில் குழந்தை பிறந்தால் ஒரு தொகையும் கிடைக்கும். முதலில் நீங்கள் செலவழிக்கிறீர்கள், பிறகுதான் பணம் வருகிறது. ஆகவே கையில் பணம் இல்லாத மாதத்தில் பல்வலி வந்தால் இந்தத் திட்டம் அன்றைக்கு உதவாது.

மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டில் இப்படி ஒன்று எதற்கு?

இந்தத் திட்டங்கள் பிரிட்டனின் அரசுப் பொதுச் சுகாதாரச் சேவையான என்.எச்.எஸ்.ஸுக்கு மூத்தவை. மருத்துவமனைகள் நன்கொடையை நம்பி நடந்த காலத்தில் தொழிலாளர்கள் வாராந்தரக் கூலியிலிருந்து சில பென்னிகளைச் சேர்த்து மருத்துவமனைகளுக்குக் கொடுத்து வந்தார்கள். லண்டனில் 1873-இல் தொடங்கப்பட்ட ஹாஸ்பிடல் சாட்டர்டே ஃபண்ட் அப்படி உருவானதுதான். சனிக்கிழமை கூலி நாள் என்பதால் அந்தப் பெயர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் கூலியில் ‘பவுண்டுக்கு ஒரு பென்னி’ என்ற சந்தா முறை தொழில் நகரங்களில் பரவியது.

1948 ஜூலை 5-இல் என்.எச்.எஸ். தொடங்கியதும் மருத்துவமனைக் கட்டணம் என்ற தேவையே மறைந்தது. இந்த நிதியங்கள் மூடப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1951-இல், பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுத்தது. என்.எச்.எஸ்.ஸை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சரவையிலிருந்து விலகினார். 1952-இல் மருந்துச் சீட்டுக் கட்டணமும் வந்தது. இன்றைய கேஷ் பிளான் வாழ்வது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்: என்.எச்.எஸ். முழுமையாக ஏற்காத பல், கண் செலவுகளிலும், என்.எச்.எஸ்.ஸில் வரிசை நீளமாக இருப்பதால் மக்கள் தனியாரிடம் போகும் பிசியோதெரபி போன்றவற்றிலும். இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் வீட்டில் அந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தே இந்தத் திட்டத்தின் மதிப்பு அமையும்.

தனியார் மருத்துவக் காப்பீட்டுக்குப் பதிலாக இதை எடுக்கலாமா?

முடியாது. தனியார் மருத்துவக் காப்பீடு என்பது இடுப்பு மாற்று அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற பெரிய செலவுகளுக்கானது. கேஷ் பிளான் அறுவைச் சிகிச்சைக்கான கட்டணத்தைக் கொடுக்காது. அதிகபட்சம் நிபுணரைப் பார்த்த கட்டணத்தில் ஒரு பகுதியும், மருத்துவமனையில் தங்கிய இரவுகளுக்கு ஒரு சிறு தொகையும் கிடைக்கும். இரண்டின் பெயரிலும் ‘ஹெல்த்’ இருப்பதால் குழப்பம் வருகிறது. விற்பவர்களும் அந்தக் குழப்பத்தைத் தீர்க்க அவசரப்படுவதில்லை.

இதிலிருந்து இன்னொன்றும் புரிய வேண்டும். வீட்டுக் காப்பீட்டை நாம் எடுப்பது, வீடு எரிந்தால் நம்மால் தாங்க முடியாது என்பதற்காக. பல் பரிசோதனைக் கட்டணம் தாங்க முடியாத இழப்பு அல்ல, அது எதிர்பாராததும் அல்ல. எதிர்பார்த்த செலவைக் காப்பீடு செய்யும்போது, நிறுவனத்தின் நிர்வாகச் செலவையும் அரசின் வரியையும் சேர்த்து நாம்தான் கட்டுகிறோம். 2017 ஜூன் முதல் காப்பீட்டுப் பிரீமிய வரி 12 விழுக்காடாக உள்ளது. ஆண்டுக்கு 240 பவுண்டு கட்டுகிறீர்கள் என்றால் அதில் ஏறத்தாழ 25.70 பவுண்டு வரியாகவே போய்விடுகிறது. ஆகவே திட்டத்தில் சேர்ந்த எல்லோரையும் கூட்டிப் பார்த்தால், கட்டியதைவிடக் குறைவாகவே திரும்பப் பெற்றிருப்பார்கள். அப்படி இல்லாவிட்டால் திட்டம் நிலைக்காது. உங்களுக்கு இலாபம் என்றால் இன்னொருவர் குறைவாகப் பயன்படுத்துகிறார் என்று பொருள். நீங்கள் அந்த இருவரில் யார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்தில் ‘ஆண்டுக்கு இவ்வளவு பவுண்டு வரை திரும்பப் பெறலாம்’ என்று ஒரு பெரிய எண் இருக்கும். அதை மறந்துவிடுங்கள். எல்லாப் பிரிவுகளிலும் எல்லா வரம்புகளையும் தொட்டவருக்கு மட்டுமே அந்த எண் பொருந்தும். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்காக வருத்தப்படவே தோன்றும். அதற்குப் பதிலாகக் கடந்த இரண்டு ஆண்டு வங்கிக் கணக்கை எடுத்து, பல், கண், பிசியோ, பாதம் ஆகியவற்றுக்கு உண்மையில் செலவழித்ததை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டு என்பதற்குக் காரணம், பெரும்பாலோர் ஆண்டுதோறும் கண்ணாடி மாற்றுவதில்லை. ஓர் ஆண்டை மட்டும் பார்த்தால் கணக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். இது எந்த நிறுவனத்தின் திட்டமும் அல்ல, கணக்குக்காக வைத்துக்கொண்டது. மாதம் 20 பவுண்டு. பல்லுக்கு ஆண்டுக்கு 120 பவுண்டு, கண்ணுக்கு 120, உடலியக்கச் சிகிச்சைக்கு 200. எல்லாம் வரம்பு வரை முழுத் தொகையும் கிடைக்கும். இரண்டு ஆண்டில் கட்டுவது 480 பவுண்டு.

முதலாமவர் இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பல் மருத்துவரிடம் பதிந்திருக்கிறார். 2025 ஏப்ரல் கட்டணப்படி முதல் ஆண்டில் ஒரு பரிசோதனை, 27.40 பவுண்டு. இரண்டாம் ஆண்டில் ஒரு பல்லை அடைத்தார், 75.30 பவுண்டு. என்.எச்.எஸ். பல் கட்டணத்தில் மூன்று வகைகள் உண்டு, இந்த இரண்டாம் வகைக் கட்டணத்திலேயே பரிசோதனையும் அடங்கிவிடும். கண் பரிசோதனையும் கண்ணாடியுமாக ஒரே ஆண்டில் 205 பவுண்டு செலவழித்தார், ஆனால் வரம்பு 120. மற்ற ஆண்டின் 120 பயன்படாமலே போயிற்று, ஏனெனில் வரம்பு அடுத்த ஆண்டுக்குச் சேர்ந்து வராது. அவருக்குத் திரும்பிய மொத்தம் 222.70 பவுண்டு. இழப்பு 257.30 பவுண்டு.

இரண்டாமவருக்கு நாட்பட்ட முதுகுவலி. ஆண்டுக்கு ஐந்து முறை, முறைக்கு 50 பவுண்டு கொடுத்து பிசியோதெரபிஸ்டிடம் போகிறார். கான்டாக்ட் லென்ஸுக்கு மாதம் 15 பவுண்டு. தனியார் பல் மருத்துவமனையில் ஆண்டுக்கு இருமுறை பல் சுத்தம், ஒவ்வொன்றும் 65 பவுண்டு. மூன்று பிரிவிலும் வரம்பைத் தொடுகிறார். ஆண்டுக்கு 440, இரண்டு ஆண்டுக்கு 880 பவுண்டு திரும்புகிறது. அவருக்கு 400 பவுண்டு மிச்சம்.

இருவருக்கும் ஒரே திட்டம்தான். வேறுபாடு நோயின் கடுமையில் இல்லை, செலவு எவ்வளவு சீராக ஆண்டுதோறும் வருகிறது என்பதில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் மாறாமல் வரும் செலவு உள்ளவருக்கு கேஷ் பிளான் பொருந்தும். எப்போதாவது ஒருமுறை பெரிதாக வரும் செலவு உள்ளவருக்கு, வரம்பு குறுக்கே நிற்கும்.

இரண்டாமவரிடம் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்: திட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஐந்து முறையும் போயிருப்பீர்களா? கட்டிய பணத்தை எடுத்துவிட வேண்டும் என்பதற்காக, பழைய கண்ணாடி நன்றாக இருக்கும்போதே புதிதாக ஒன்று வாங்கி, ‘நூறு பவுண்டு திரும்ப வந்தது’ என்று மகிழ்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாங்காமல் இருந்திருந்தால் முழுப் பணமும் மிஞ்சியிருக்கும். அப்படிப்பட்ட செலவுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

உயர்ந்த நிலைத் திட்டத்தை எடுத்தால் இலாபம் கூடுமா?

பெரும்பாலும் குறையும். நிலையை உயர்த்தும்போது மொத்தத்தைப் பார்க்காமல், கூடுதலாகக் கட்டுவதற்குக் கூடுதலாக என்ன வருகிறது என்று மட்டும் பாருங்கள். மேலே சொன்ன மாதிரியில் மாதம் 8 பவுண்டு கூட்டினால் பல்லுக்கு 40, கண்ணுக்கு 40, உடலியக்கச் சிகிச்சைக்கு 100 பவுண்டு கூடும் என்று வையுங்கள். பல்லிலும் கண்ணிலும் மட்டும் வரம்பைத் தொடுபவருக்கு ஆண்டுக்கு 80 பவுண்டு கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் அவர் கட்டுவது கூடுதலாக 96. மூன்றாவது பிரிவையும் உண்மையில் பயன்படுத்துபவருக்கே உயர்வு தகும்.

‘50 விழுக்காடு திரும்பக் கிடைக்கும்’ என்று சில திட்டங்களில் இருக்கிறதே?

வரம்பு 120 பவுண்டு, திரும்புவது பாதி என்றால், அந்த 120-ஐ முழுவதும் பெற நீங்கள் 240 பவுண்டு செலவழிக்க வேண்டும். வரம்பு பெரிதாகத் தெரியும், கையில் வருவது சிறிதாக இருக்கும். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது வரம்புகளை ஒப்பிடாதீர்கள். உங்கள் இரண்டு ஆண்டு ரசீதுகளை இரண்டு திட்டத்திலும் போட்டுப் பார்த்து, எது எவ்வளவு கொடுக்கிறது என்று ஒப்பிடுங்கள்.

ஏற்கெனவே இலவசமாகக் கிடைப்பவற்றுக்கு நான் பணம் கட்டுகிறேனா?

பலர் கட்டுகிறார்கள். முடிவெடுக்கும் முன் எல்லாவற்றையும்விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும், 18 வயதில் முழுநேரம் படிப்பவர்களுக்கும், கருவுற்றிருப்பவர்களுக்கும், கடந்த 12 மாதத்துக்குள் குழந்தை பெற்றவர்களுக்கும் என்.எச்.எஸ். பல் சிகிச்சை இலவசம். 60 வயதைக் கடந்தவர்கள், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், முழுநேரக் கல்வியில் உள்ள 18 வயது வரையிலானவர்கள், நீரிழிவோ கண்ணழுத்த நோயோ (கிளாக்கோமா) உள்ளவர்கள் ஆகியோருக்குக் கண் பரிசோதனை இலவசம். பெற்றோர், உடன்பிறந்தவர் அல்லது பிள்ளைக்குக் கண்ணழுத்த நோய் இருந்தால், 40 வயது முதல் உங்களுக்கும் அது இலவசம். நீரிழிவு நம்மவர் குடும்பங்களில் பரவலாக இருப்பதால் இந்த விதியை அழுத்திச் சொல்கிறேன். நீரிழிவு உள்ள பலர் கண் பரிசோதனைக்கு ஆண்டுதோறும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் வயது வேறுபாடின்றி என்.எச்.எஸ். கண் பரிசோதனை இலவசம், பல் பரிசோதனையும் அப்படியே.

யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை பெறுபவர்களில், கடந்த மதிப்பீட்டுக் காலத்தில் (அதாவது ஒரு மாதத்தில்) வருமானம் 435 பவுண்டு அல்லது அதற்குக் குறைவாக இருந்தவர்களுக்கு இந்தக் கட்டணங்கள் இல்லை. உதவித்தொகையில் பிள்ளைக்கான பகுதியோ, வேலை செய்யும் திறன் குறைவுக்கான பகுதியோ இருந்தால் வரம்பு 935 பவுண்டு. உதவித்தொகை எதுவும் பெறாமல் குறைந்த வருமானத்தில் இருப்பவர்கள், சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இல்லாவிட்டால், எச்.சி.1 படிவத்தை நிரப்பி விண்ணப்பிக்கலாம். முழு உதவி என்றால் எச்.சி.2 சான்றிதழும், பகுதி உதவி என்றால் எச்.சி.3 சான்றிதழும் வரும். பகுதிநேர வேலையோடு படிக்கும் மாணவர்கள் இதை அறியாமல் கேஷ் பிளானுக்குச் சந்தா கட்டுவது வருத்தத்துக்குரியது.

வேலையின் ஒரு பகுதியாகத் தொடர்ந்து கணினித் திரையைப் பயன்படுத்துபவர் கேட்டால், கண் பரிசோதனைக்கான செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்பது 1992-இன் திரைக்கருவி விதிமுறைகளில் உள்ள கட்டாயம். திரையைப் பார்ப்பதற்கென்றே தனிக் கண்ணாடி தேவைப்பட்டால், சாதாரணக் கண்ணாடியின் விலையையும் அவர்தான் ஏற்க வேண்டும். எனவே அலுவலக வேலை செய்பவர், கண் பரிசோதனைக்காகக் காப்பீடு எடுக்கும் முன் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்ப்பது நல்லது.

பிசியோதெரபியைப் பொறுத்தவரை, இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஜி.பி.யை (குடும்ப மருத்துவரை) பார்க்காமலே என்.எச்.எஸ். பிசியோவுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். காத்திருக்க நேரிடும் என்பது உண்மை. காத்திருக்க முடியாத வலிக்கு மட்டுமே தனியார் செலவைக் கணக்கில் எடுங்கள்.

மருந்துச் சீட்டுக் கட்டணத்துக்காக எடுக்கலாமா?

தேவையில்லை. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமே கிடையாது. இங்கிலாந்தில் 2024 மே மாதம் முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஆனால் 114.50 பவுண்டுக்கு ஓராண்டு முன்கட்டணச் சான்றிதழ் வாங்கினால் எத்தனை மருந்து எழுதினாலும் மேற்கொண்டு எதுவும் இல்லை. ஆண்டுக்கு 12 மருந்து வாங்குபவருக்கே அது இலாபம். 32.05 பவுண்டுக்கு மூன்று மாதச் சான்றிதழும் உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கும், இன்சுலினோ மாத்திரையோ எடுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கும் இங்கிலாந்திலும் மருந்து இலவசம், நீரிழிவு நோயாளிகள் மட்டும் அதற்கான விலக்குச் சான்றிதழைப் பெற்றிருக்க வேண்டும்.

வீசாவுக்காகச் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்கிறேன். எனக்கும் இந்தச் செலவுகள் உண்டா?

உண்டு. 2024 பிப்ரவரி முதல் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டும், மாணவர்களுக்கும் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் 776 பவுண்டுமாக உள்ள அந்தக் கட்டணம் என்.எச்.எஸ்.ஸைப் பயன்படுத்தும் உரிமையைத் தருகிறதே தவிர, பல், கண், மருந்துச் சீட்டுக் கட்டணங்களிலிருந்து விலக்குத் தருவதில்லை. அந்த வகையில் நீங்களும் இங்கு நிரந்தரமாக வாழ்பவரும் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான். ஆனால் வருகை வீசாவில் வந்து தங்கியிருக்கும் பெற்றோரைச் சேர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். பொதுவாக இத்திட்டங்கள் பிரிட்டனில் வசிப்பவர்களுக்கானவை. விடுமுறையில் வெளிநாட்டுக்குப் போய்ப் பல் சிகிச்சை செய்துகொள்ளும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அங்கே வாங்கிய ரசீது செல்லுமா என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பல திட்டங்களில் செல்லாது.

ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்குமா?

பெரும்பாலான திட்டங்களில் சேர மருத்துவப் பரிசோதனை இல்லை, பல்லுக்கும் கண்ணுக்கும் பழைய நிலையைக் கேட்பதும் அரிது. நிபுணர் கட்டணம், மருத்துவமனைத் தங்கல், உடலியக்கச் சிகிச்சை ஆகியவற்றில் சில நிறுவனங்கள் முன்பே இருந்த நோயை விலக்குகின்றன, சில விலக்குவதில்லை. ஏற்கெனவே முதுகுவலி இருப்பதால்தான் சேர்கிறீர்கள் என்றால், முழுக் கணக்கும் இந்த ஒரு வாக்கியத்தில் தொங்குகிறது. விதிப் புத்தகத்தில் ‘பொது விலக்குகள்’ பகுதியை மட்டுமாவது படியுங்கள். கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். 2012-இன் நுகர்வோர் காப்பீட்டுச் சட்டப்படி, கேட்ட கேள்விக்குத் தவறான தகவல் தராமலிருக்க நியாயமான கவனம் எடுப்பது உங்கள் பொறுப்பு.

இதோடு காத்திருப்புக் காலத்தையும் பார்க்க வேண்டும். சேர்ந்த உடனே எல்லாவற்றுக்கும் பணம் கேட்க முடியாத திட்டங்கள் பல. மகப்பேற்றுத் தொகைக்கான காத்திருப்பு இயல்பாகவே நீண்டது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டுமானால் முதல் ஆண்டில் பன்னிரண்டு மாதம் கட்டி ஒன்பது மாதமே பயன்படுத்துகிறீர்கள்.

குடும்பமாகச் சேர்ந்தால் மலிவாகுமா?

பிள்ளைகளைக் கூடுதல் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்ளும் திட்டங்கள் உள்ளன. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முன்பே சொன்னபடி பிள்ளைகளின் என்.எச்.எஸ். பல் சிகிச்சையும் கண் பரிசோதனையும் இலவசமே. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் கண்ணாடிக்கும் என்.எச்.எஸ். வவுச்சர் கிடைக்கும். எனவே ‘இலவசமாகச் சேர்க்கிறோம்’ என்பதன் மதிப்பு தோன்றுவதைவிடச் சிறியது. பிள்ளைக்குத் தனி வரம்பா, பெற்றோரின் வரம்பிலிருந்தே எடுக்கிறார்களா என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டுமே சீரான செலவு இருந்தால் அவரை மட்டும் சேர்ப்பதே சிக்கனம்.

அலுவலகம் இலவசமாகத் தருகிறது. மறுக்க வேண்டுமா?

வேண்டாம். முதலாளி கட்டும் பிரீமியம் உங்கள் வருமானத்தோடு சேரும் சலுகையாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும், அவ்வளவுதான். முதலாளி ஆண்டுக்கு 96 பவுண்டு கட்டினால், 20 விழுக்காடு வரி வரம்பில் உள்ளவருக்கு 19.20 பவுண்டு வரி. ஆண்டுக்கு ஒரேயொரு முறை என்.எச்.எஸ். பல் பரிசோதனை செய்தாலே அது ஈடாகிவிடும். என் வட்டத்தில் இதைப் பெற்றுக்கொண்டு ஒரு க்ளெய்ம்கூடப் போடாதவர்களே அதிகம். வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். அலுவலகம் தரும் அடிப்படை நிலைக்கு மேல் உங்கள் பணத்தில் உயர்த்திக்கொள்ளச் சொன்னால், மேலே சொன்ன கூடுதல் கணக்கைப் போட்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் மருத்துவர், மன நல ஆலோசனை, ஜிம் தள்ளுபடி போன்றவற்றை எப்படி மதிப்பிடுவது?

ஜிம் தள்ளுபடிக்குச் சுழியம் போடுங்கள். தொலைபேசி மருத்துவரின் மதிப்பு உங்கள் ஜி.பி.யிடம் நேரம் கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பொறுத்தது. நேரத்துக்கு வேலையை விட்டு வர முடியாதவருக்கு அது உண்மையான உதவி.

மன நல ஆலோசனை வேறு வகை. இங்கிலாந்தில் என்.எச்.எஸ். பேச்சுச் சிகிச்சைக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆயினும் காத்திருக்க நேரலாம். சில கேஷ் பிளான்களில் 24 மணி நேரத் தொலைபேசி உதவியோடு, சில முறை நேரில் ஆலோசனையும் அடங்கும். தனியாரிடம் அதற்கு ஆகும் செலவை எண்ணினால், தேவைப்படும் ஓர் ஆண்டில் இந்த ஒன்று மட்டுமே சந்தாவை ஈடுகட்டிவிடும். இதைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று எனக்கே தயக்கம் உண்டு. தேவை வருமா என்று முன்கூட்டித் தெரியாத, வந்தால் பெரிதாக இருக்கும் செலவு என்பதால், இந்தத் திட்டங்களில் உண்மையான காப்பீட்டுக்கு நெருங்கி வரும் பகுதி இதுதான்.

க்ளெய்ம் ஏன் மறுக்கப்படுகிறது?

பெரும்பாலும் ரசீதால். கடன் அட்டைச் சீட்டு ரசீதாகாது. சிகிச்சை பெற்றவர் பெயர், நாள், சிகிச்சையின் விவரம், கட்டிய தொகை, சிகிச்சையாளர் விவரம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். சிகிச்சையாளரின் தகுதி இன்னொரு காரணம். பிசியோதெரபிஸ்டும் பாத மருத்துவரும் எச்.சி.பி.சி. என்ற சட்டபூர்வ மன்றத்தில் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும், ஆஸ்டியோபதிக்கும் கைரோபிராக்டிக்குக்கும் தனித்தனிச் சட்டபூர்வ மன்றங்கள் உண்டு. அக்குபஞ்சருக்கு அப்படிச் சட்டப் பதிவு இல்லாததால், எந்த அமைப்பின் உறுப்பினரை ஏற்கிறோம் என்று நிறுவனமே வரையறுக்கும். பெயரில் பதிவு எண் இல்லாத மசாஜ் நிபுணரிடம் போய்விட்டுப் பணம் கேட்டால் வராது.

நாள் கணக்கிலும் சிக்கல் வரும். ஒருமுறை கண்ணாடிக்கு முன்பணம் கொடுத்த நாள் ஓர் ஒப்பந்த ஆண்டிலும், கண்ணாடி கைக்கு வந்த நாள் அடுத்த ஆண்டிலும் விழுந்து, எந்த ஆண்டின் வரம்பில் சேர்ப்பது என்று மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது எனக்கு. முன்பணத்தை மட்டும் வைத்துக் க்ளெய்ம் போடாமல், முழுத் தொகையும் கட்டி முடித்த ரசீதை வாங்கி அனுப்புவது நல்லது. அதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் அமையலாம். ஆண்டு முடிய ஒரு வாரம் இருக்கும்போது கண் பரிசோதனையும் ஒரு கண்ணாடியும், புதிய ஆண்டு பிறந்ததும் இரண்டாவது கண்ணாடியும் வாங்கினால் இரண்டு வரம்பையும் நேர்மையாகவே பயன்படுத்தலாம், இரண்டு கண்ணாடியும் உண்மையில் தேவை என்றால். சிகிச்சை முடிந்து எத்தனை வாரத்துக்குள் ரசீதை அனுப்ப வேண்டும் என்ற கெடுவையும் நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

பல் வெண்மையாக்குதல் போன்ற அழகுச் சிகிச்சைகளும், பவர் இல்லாத குளிர்கண்ணாடியும் வழக்கமாக ஏற்கப்படுவதில்லை.

அதே பணத்தைச் சேமித்து வைத்தால்?

ஒழுங்காகச் சேமிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அதுவே என் பரிந்துரை. மாதம் 20 பவுண்டைத் தனிக் கணக்கில் போட்டால், வரம்பு இல்லை, விலக்கு இல்லை, ரசீது இல்லை, செலவாகாதது அடுத்த ஆண்டுக்கும் நிற்கும். முதலில் சொன்ன மாதிரியில் முதலாமவர் இப்படிச் செய்திருந்தால், 480 பவுண்டிலிருந்து பல்லுக்கும் கண்ணுக்குமாக 307.70 பவுண்டு முழுவதையும் கொடுத்துவிட்டு, இன்னும் 172.30 பவுண்டு கையில் வைத்திருப்பார். சேமிப்புக்கு உள்ள குறை, தொடங்கிய முதல் சில மாதங்களில் அதில் பெரிய தொகை இருக்காது என்பதும், வேறு செலவு வந்தால் கை அங்கே போகும் என்பதும். பல் மருத்துவரைத் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் (2025 ஏப்ரல் கட்டணப்படி) 326.70 பவுண்டு கட்டும் மூன்றாம் வகைச் சிகிச்சைக்கு வந்து நிற்பவராக உங்களை நீங்கள் அறிந்திருந்தால், ‘கட்டிவிட்டோமே’ என்ற எண்ணம் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு இழுத்துச் செல்வதற்கும் ஒரு மதிப்பு உண்டு. அதைக் கணக்கில் சேர்ப்பது நேர்மைக் குறைவல்ல.

60 வயதைக் கடந்தவர்களுக்கு?

வயதானதால் பிரீமியம் ஏறாத திட்டங்கள் பல இருப்பது இவர்களுக்குச் சாதகம். மறுபக்கம், இங்கிலாந்தில் கண் பரிசோதனையும் மருந்தும் இவர்களுக்கு ஏற்கெனவே இலவசம், கேட்கும் கருவியையும் என்.எச்.எஸ். இலவசமாகத் தருகிறது. மிஞ்சுவது பல்லும், கண்ணாடியும், பாதப் பராமரிப்பும். குனிந்து நகம் வெட்ட முடியாமல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை பாத மருத்துவரிடம் போகும் ஒருவருக்கு அந்த ஒரு பிரிவின் வரம்பே முடிவைத் தீர்மானிக்கும். புதிதாகச் சேர வயது வரம்பு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால்?

ஒப்பந்த ஆவணங்கள் கிடைத்த நாளிலிருந்து பொதுவாக 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். அதன் பின் மாதாமாதம் விலகலாமா, ஓராண்டு கட்டியே ஆக வேண்டுமா என்பது ஒப்பந்தத்தைப் பொறுத்தது. சில ஒப்பந்தங்களில், க்ளெய்ம் வாங்கிய பிறகு நடுவில் விலகினால் ஆண்டின் மீதித் தவணையைக் கேட்பார்கள். ஆண்டு புதுப்பிக்கும்போது பிரீமியமும் வரம்புகளும் மாறக்கூடும் என்பதால், புதுப்பிப்புக் கடிதம் வந்த அன்று அந்த ஆண்டு கட்டியதையும் பெற்றதையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

க்ளெய்ம் தவறாக மறுக்கப்பட்டதாகக் கருதினால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். எட்டு வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்புடையதாக இல்லாவிட்டாலோ நிதிக் குறைகேள் அதிகாரியிடம் (ஃபைனான்ஷியல் ஆம்பட்ஸ்மன்) கட்டணமின்றிப் போகலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மறுப்புக் கடிதத்தையும் நீங்கள் அனுப்பிய ரசீதின் நகலையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.